நாடி பிடித்த கை: வாசகர் கேள்வி – பதில்

தீபாவளி கழிந்து மூன்று வாரத்தில் வந்த கடிதங்களைப் பிரித்துப் போட்டேன். வழக்கமாக இந்தப் பகுதிக்கு மூட்டுவலி, நெஞ்செரிச்சல், அட்டை கடித்த புண் என்றுதான் எழுதுவீர்கள். இந்தத் தடவை பாதிக்கு மேல் வாட்ச். கொழும்புக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் முன்பெல்லாம் அம்மாவுக்குச் சேலையும் அப்பாவுக்குச் சாரமும் கொண்டு வருவார்கள். இப்போது துடிப்பை எண்ணிச் சொல்கிற வாட்சும் சேர்ந்து வருகிறது. பிள்ளை அதை அம்மா கையில் கட்டிவிட்டு, போனில் எதையோ அமுக்கிக் காட்டிவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுகிறது. மிஞ்சுவது ஓர் எண். அதை வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்கள் முழிக்கிறார்கள். முழித்து முடிந்ததும் எனக்கு எழுதுகிறார்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டொக்டர் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் 31 வருடம் வைத்திய உதவியாளராக இருந்தவன். சனங்கள் 'டொக்டர் ஐயா' என்றார்கள், நானும் மறுக்கவில்லை. என் மேசையில் ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு தெர்மாமீட்டர். சுவரில் செக்கன் முள் ஓடுகிற மணிக்கூடு. ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமென்றால் லொறியோ ஜீப்போ பிடித்து டவுனுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துத்தான் காலம் ஓடியது. மகன் எனக்கும் ஒரு வாட்ச் வாங்கித் தந்திருக்கிறான். அதோடு எனக்குள்ள சண்டையும் சமாதானமும் கீழே வரும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்: ஐயா, போன மாதம் எழுதியிருந்தேன். தம்பி கொடுத்த வாட்ச் என் கையில் இருந்தால் ஓய்வுத் துடிப்பு 70, 71. அம்மா கையில் ஒரு வாரம் கட்டினால் 92, 94. அம்மாவுக்கு 46 வயது, கொழுந்து எடுக்கிறாங்க. 'எனக்கு ஒண்ணும் இல்ல, ஒங்க வாட்சு பழுது' என்று சொல்லிவிட்டாங்க. நீங்கள் ரத்தம் சோதிக்கச் சொல்லித் தபால் போட்டீர்கள். சோதித்தோம், ஹீமோகுளோபின் 8.2. ரத்தம் குறைந்தால் துடிப்பு ஏன் கூட வேண்டும்? மாத்திரை தொடங்கி ஒரு வாரம், எண் இன்னும் 91இல் நிற்கிறது. மருந்து பிடிக்கவில்லையா?

மகள், அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், வாட்ச் பழுதில்லை.

அம்மாவுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து, நிறுக்கிற மடுவத்துக்கு வந்தே ஆக வேண்டும். பெரிய கூடையாக இருந்தால் நாலு நடையில் முடிந்துவிடும். கூடையைச் சிறிதாக்கிவிட்டு அதே கிலோவைக் கேட்டால் ஆறு நடை நடக்க வேண்டும். ஒக்சிஜனைச் சுமக்கிற கூடைதான் ஹீமோகுளோபின். கர்ப்பம் இல்லாத ஒரு பெண்ணுக்கு அது 12க்குக் குறையக்கூடாது. 8.2 என்றால் கூடை மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியிருக்கிறது. உடம்பு கேட்பதைக் கொடுக்க இதயம் கூடுதல் நடை நடக்கிறது. தூங்கும்போதும் நடக்கிறது. அதுதான் அந்த 92.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை சாதாரணம் என்று புத்தகத்தில் இருக்கும். அப்படிப் பார்த்தால் 92 ஒரு குற்றமும் இல்லாத எண். நம்முடைய டிஸ்பென்சரிகளோ பெரும்பாலும் ஒரு மேட்டில் இருக்கும். ஏறி வந்த யாருக்கும் 90, 95 அடிக்கும். அதைப் பார்த்து ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, போர்வைக்குள் அந்தப் பெண்ணுக்கு எத்தனை அடிக்கிறது என்று பார்க்க எங்களுக்கு வழியும் இருக்கவில்லை. வாட்சுக்கு அந்த வழி இருக்கிறது. அது ஒன்றுக்காகவே நான் அதை மதிக்கிறேன்.

இதை எழுதும்போது சும்மா இருக்க முடியவில்லை. 'மேடு ஏறினா நெஞ்சு படபடங்குதுங்க, கிறுகிறுன்னு வருதுங்க' என்று வந்து நின்ற எத்தனையோ பெண்களுக்கு பி கொம்ப்ளக்ஸ் மாத்திரை பத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வரிசை நீளமாக இருக்கும், பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) நேரமாகும், அவர்களுக்கும் அவசரம். கீழ் இமையை இழுத்துப் பார்க்க ஐந்து செக்கன் போதும். சில நாள் அந்த ஐந்து செக்கனையும் நான் செலவு செய்யவில்லை. 'எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கு' என்று அவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாருக்கும் ரத்தம் குறைவாக இருந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இனி உங்கள் கேள்வி. ஒரு வாரத்தில் எண் இறங்காது. இரும்பு மாத்திரை தொடங்கினால் எலும்பு மச்சை புதிய சிவப்பணுக்களை அதிகமாக வெளியே விடவே ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். மூன்று, நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 2 ஏற வேண்டும். துடிப்பு அதன் பின்னால் மெதுவாக இறங்கி வரும். நாலு வாரத்தில் மறுபடி ரத்தம் சோதியுங்கள். அது 10க்குக் கிட்ட வந்திருந்தால் மருந்து பிடிக்கிறது. 12 வந்தவுடன் நிறுத்தவும் கூடாது. ஈரலிலும் மச்சையிலும் இரும்புக் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை விட்டவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். சோற்றோடும் ரொட்டியோடும் பிளேன்டீ குடிப்பதை அம்மா நிறுத்த வேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்பு, இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். நாம் உலகத்துக்கு அனுப்புகிற சரக்குத்தான், இருந்தாலும் உண்மை அதுதான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணிநேரமாவது விடுங்கள். மாத்திரையோடு தேசிக்காய்ச் சாறோ ஒரு கொய்யாப்பழமோ நல்லது.

ரத்தம் எங்கே போனது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 46 வயதில் மாதவிலக்கு தாறுமாறாக, அதிகமாகப் போகலாம். அம்மா அதை உங்களிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாங்க. துணி எத்தனை மாற்றுகிறாங்க என்று நீங்களே கேளுங்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கடைசியாக எப்போது குடித்தாங்க என்றும் கேளுங்கள். வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு வரும், அது குடலில் இருந்து ரத்தத்தைக் குடிக்கும். நாலு வாரத்திலும் ஏறவில்லை என்றால் பரம்பரையாக வருகிற தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்று டொக்டர் பார்ப்பார். அது இருந்து, இரும்பும் குறையாமல் இருந்தால், மாத்திரை விழுங்கிப் பயனில்லை.

நுவரெலியாப் பக்கத்துத் தம்பி, வேலை கொழும்பில்: கொழும்பில் எனக்கு எப்போதும் 61, 62. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அன்று 70, மறுநாள் 74, மூன்றாம் நாள் 68, ஐந்தாம் நாள் 65. திரும்பிப் போனதும் 62. சொந்த ஊர்க் காற்றே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா ஐயா?

தம்பி, ஊர்க் காற்றுக்கு அதில் ஒரு பங்குதான், மீதியை நீங்கள்தான் கொண்டு வந்தீர்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு. ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஒக்சிஜனும் அவ்வளவாகக் குறைகிறது. கீழேயிருந்து ஏறி வருகிறவருடைய இதயம் முதல் சில நாள் கொஞ்சம் வேகமாக அடித்து அதைச் சரிக்கட்டும், பிறகு தணியும். மலையில் பிறந்தவன் என்ற சலுகை இதற்குக் கிடையாது. சில மாதம் கீழே இருந்தால் உடம்பு பழையதை மறந்துவிடும். ஆகவே இரண்டு, மூன்று, சிலருக்கு ஐந்து கூடுவது மலையின் கணக்கு.

முதல் நாளின் 70இல் பஸ் பயணமும் இருக்கிறது. ரம்பொடை வளைவுகளில் எவன் தூங்கினான்? தூக்கம் கெட்ட ராத்திரிக்கு மறுநாள் துடிப்பு கூடும். மலைதான் காரணம் என்றால் நாளுக்கு நாள் இறங்க வேண்டும், உங்களுக்கு இரண்டாம் நாள் ஏறியிருக்கிறது. அன்றுதான் தீபாவளி என்று நினைக்கிறேன். ஆட்டிறைச்சியை நான் குற்றம் சொல்லவில்லை. கூட்டாளிகளோடு எத்தனை போத்தல் திறந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, வாட்ச் எழுதிவிட்டது. சாராயம் குடித்த இரவில் ஆள் கட்டையாகக் கிடப்பான், இதயம் மட்டும் விடிய விடிய வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். மனைவியிடம் மறைக்க முடியாத ஒரு சாமானை மனைவியே வாங்கிக் கொடுக்கிற காலம் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் 65க்கு வந்ததே, அதைப் பாருங்கள். ஏறிய எண் தானாக இறங்கினால் பயமில்லை. நாளுக்கு நாள் மூன்று நாலு கூடிக் குறைவது எல்லோருக்கும் உள்ளது. உங்கள் வழக்கமான எண்ணுக்கு மேல் பத்து ஏறி, காய்ச்சலோ பயணமோ இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றால் காரணம் தேடலாம்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: வயது 71. ஆறு மாதத்துக்கு முன் 68 இருந்தது, இப்போது 52. காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். விளையாட்டு வீரர்களுக்கு 50 இருக்கும் என்கிறார்கள். நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டேனா?

சேர், உங்களைப் பட்டியலில் சேர்க்க எனக்கும் ஆசைதான். நாற்பது நிமிட நடை சில மாதத்தில் மூன்று, நாலு துடிப்பைக் குறைக்கும். 16ஐக் குறைக்காது.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் வாட்சில் 66 இருந்தது. மெல்ல 60, 57, கடைசியில் 51. நானும் உங்களைப் போல உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், மனைவியிடம் பெருமையும் அடித்தேன். பிறகு கட்டிலிலிருந்து எழும்பினால் ஒரு கணம் கண் இருட்டத் தொடங்கியது. மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்குப் பின்னால் நடந்து போனவன் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். டவுனில் டொக்டரிடம் போனேன். 'என்ன மருந்து எடுக்கிறீங்க?' என்றார். 'ஒன்றுமில்லை' என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'கண்ணுக்கு?' என்று கேட்டார்.

கண் அழுத்தத்துக்கு ஏழெட்டு மாதமாக டிமோலோல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். அது பீட்டா புளொக்கர் வகை மருந்து, பிரஷருக்குக் கொடுக்கிற அட்டனலோலின் உறவுக்காரன். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலந்து, இதயத்தின் வேகத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. 31 வருடமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் 'என்ன மருந்து குடிக்கிற?' என்று கேட்டவன் நான். சொட்டு மருந்தையும் மருந்து என்று எண்ணத் தோன்றவில்லை.

நானாக அதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கண் போய்விடும். கண் கிளினிக்கில் சொன்னேன், வேறு வகைச் சொட்டு எழுதினார்கள். மூன்று வாரத்தில் 63. டிமோலோலே போடவேண்டியவர்கள் சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அமுக்கிப் பிடித்தால் மூக்குக்கு இறங்குவது குறையும்.

சேர், வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், சொட்டையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அட்டனலோல், மெட்டோபுரோலோல், புரோபிரனோலோல் என்று 'லோல்' முடிகிற மாத்திரை எதுவும் துடிப்பை இறக்கும். அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எதிர்ப்பக்கம் துள்ளும், ஆபத்து. மருந்தே இல்லையென்றால் தைரொயிட் சோதனை ஒன்றும் ஈ.சி.ஜி. ஒன்றும் எடுங்கள். தைரொயிட் மந்தமானால் துடிப்பு இறங்கும், குளிர் தாங்காது, மலம் கட்டும். வயதாகும்போது இதயத்தின் உள்ளே மின்சாரம் ஓடுகிற வழி தேய்ந்துபோவதும் உண்டு. மயங்கி விழுந்தாலோ, விழித்திருக்கும்போதே 40க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலோ இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் காசு கேட்பதில்லை.

தலவாக்கலை வாசகி: எனக்கு ஏழாம் மாதம். முன்பு 74 இருந்தது, இப்போது 88. பயமா?

இல்லை மகள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே கூடுகிறது. கடைசி மூன்று மாதத்தில் 10 முதல் 20 வரை துடிப்பு ஏறுவது இயல்பு. மிட்வைஃப் மிஸ் வரும்போது இந்த எண்ணையும் சொல்லுங்கள், கிளினிக்கில் ரத்தம் சோதித்த துண்டையும் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 110, 120 அடித்தால், மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் போனால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இன்னொரு வாசகி மாதத்தில் பாதி நாள் மூன்று நாலு கூடுகிறது என்று எழுதியிருக்கிறார். கருமுட்டை வெளியானதிலிருந்து மாதவிலக்கு வரும்வரை அப்படித்தான், கவலை வேண்டாம்.

ஹப்புத்தளையிலிருந்து இரண்டு சகோதரர்கள்: ஒரே ஆளின் வலக்கையில் ஒரு கம்பனி வாட்ச், இடக்கையில் இன்னொன்று. ஒன்று 64 என்கிறது, மற்றது 71. எது பொய்?

இரண்டும் மெய்யாக இருக்கலாம் தம்பிமாரே. 'ஓய்வு' என்றால் எந்த நேரம் என்பதில் கம்பனிகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஒன்று 24 மணிநேரத்தில் மிகக் குறைந்த அரை மணிநேரத்தின் சராசரியை எடுக்கும், அது பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் விழும். இன்னொன்று விழித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தை எடுக்கும், அது கூடுதலாகவே இருக்கும். வாட்சை மாற்றினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட வேண்டாம். இரண்டு வாரம் கட்டி, அந்த வாட்சுக்கென்று உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணன் எண்ணைத் தம்பி எண்ணோடு வைத்துப் பந்தயம் கட்டவும் வேண்டாம்.

பொய் சொல்கிற நேரமும் உண்டு. வாட்சின் அடியில் பச்சை வெளிச்சம் எரிகிறதல்லவா? ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்குள் ரத்தம் பொங்கும்போது திரும்பி வருகிற ஒளி குறையும், வடியும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணுகிறது. தை மாதப் பனியில் தண்ணீர்ப் பீலியில் கையை நனைத்துவிட்டு வந்தால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடக்கும், எண்ண ஒன்றும் இருக்காது. வார் தளர்ந்திருந்தால் வாட்ச் ஆடும். வேகமாக நடக்கும்போது காலடியையே துடிப்பென்று எண்ணிவிடுவதும் உண்டு.

எங்கள் லயத்தில் ஒரு பாட்டிக்கு அவருடைய பேரன் வாட்ச் கட்டிவிட்டான். எண்ணே வரவில்லை. 'பாட்டிக்கு உயிரே இல்லை' என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பார்த்தால் மணிக்கட்டில் அந்தக் காலத்தில் குத்திய பச்சைக் கோலம். மை ஒளியை மறித்துவிடுகிறது. மறு கையில் கட்டியதும் 72 வந்தது. பாட்டி அன்று முழுவதும் பேரனைத் திட்டிக்கொண்டிருந்தது.

சந்தேகம் வந்தால் விரல்தான் நீதவான். ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டுக் குழியில் மற்றக் கையின் மூன்று விரலை மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பிடிக்காதீர்கள், அதற்குள்ளேயே ஒரு துடிப்பு உண்டு. முழுதாக 60 செக்கன் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குவது வரிசை நீளமாக உள்ள டிஸ்பென்சரிக்காரர் செய்கிற வேலை. ஜோன் புளோயர் என்ற இங்கிலாந்து டொக்டர் 1707இல், சரியாக ஒரு நிமிடம் ஓடுகிற கடிகாரம் ஒன்றை நாடி பார்ப்பதற்கென்றே செய்வித்தார். நாடியும் கடிகாரமும் சேர்ந்தது இன்று நேற்று இல்லை.

மாத்தளை, முன்னாள் லொறி டிரைவர், 67 வயது: என் வாட்ச் கிறுக்கு. சும்மா சாய்ந்திருக்கும்போது 64, அடுத்த நிமிடம் 118, பிறகு 90. கடைக்காரனிடம் சண்டை போட்டு இரண்டாவது வாட்ச் வாங்கினேன். அதுவும் அப்படியே.

அண்ணே, இரண்டாவது வாட்சும் அதையே சொன்னால் கடைக்காரரை விட்டுவிடுங்கள். இன்றைக்குக் கடிதங்களில் நான் முதலில் எழுதி முடித்தது உங்களுக்கான பதில்தான், தபாலிலும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மேலே சொன்னபடி நாடியைப் பிடித்துப் பாருங்கள். எண்ணிக்கையை விடுங்கள், தாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பு மேளம் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், வேகமோ மெதுவோ அடிக்கு அடி ஒரு கணக்கு இருக்கும். உங்கள் நாடி கூரைத் தகரத்தில் விட்டுவிட்டு விழுகிற மழைத்துளி மாதிரி, இரண்டு கிட்டக் கிட்ட, ஒன்று தள்ளி, மறுபடி மூன்று சேர்ந்து என்று கணக்கே இல்லாமல் விழுந்தால், இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கலாம். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ரத்தம் உறையாமல் வைக்கிற மாத்திரையால் அதைப் பெருமளவு தடுக்கலாம். அந்த மாத்திரையை டொக்டர் எழுத ஓர் ஈ.சி.ஜி. வேண்டும், ஐந்து நிமிட வேலை. இந்த வாரமே போங்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா, மாதா மாதம் பென்சிலின் ஊசி போட்டார்களா என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். வாதக் காய்ச்சல் இதய வால்வில் வைத்துவிட்டுப் போன தழும்பு நாற்பது, ஐம்பது வருடம் கழித்து இப்படித் தலைகாட்டுவதை நம் பகுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ அதே 1990தான்.

கம்பளையிலிருந்து ஒரு தாய்: கொழும்பிலிருந்து வந்த மகனுக்குக் காய்ச்சல். காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாளே வாட்சில் 12 கூடியிருந்தது. நோயை முன்கூட்டியே சொல்லுமா? இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் துடிப்பு கூடுகிறது.

அம்மா, உங்கள் கடிதம் என் கைக்கு வர நாலு நாள் ஆகியிருந்தது. பையன் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுகமாகி வந்ததை உங்களுக்குப் போன் எடுத்துத் தெரிந்துகொண்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

உடம்புச் சூடு ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் துடிப்பு சுமார் பத்து ஏறும். சூடு தொடங்குமுன்னே உடம்பு கிருமியோடு மோதத் தொடங்கிவிடுவதால் சிலருக்கு வாட்ச் ஒரு நாள் முந்திக்கொள்ளும். என்ன காய்ச்சல் என்று அதற்குத் தெரியாது. அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

காய்ச்சல் இறங்கினால் துடிப்பும் கூடவே இறங்க வேண்டும். காய்ச்சல் இறங்கி, துடிப்பு மட்டும் ஏறினால் அது நல்ல செய்தி இல்லை. டெங்குவில் மோசமான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் வரும், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேற, இருக்கிற கொஞ்சத்தை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமெடுக்கும். கை கால் குளிரும், வயிறு வலிக்கும், வாந்தி வரும், சிறுநீர் குறையும். 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று வீட்டார் நிம்மதியாகச் சோறு ஆக்குகிற நாள் அதுதான். கை குளிர்ந்தால் வாட்ச் எண் காட்டாமலும் போகலாம் என்று மேலே சொன்னேன். எண் வராவிட்டால் வாட்சைத் தட்டிக்கொண்டிருக்காமல் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

காய்ச்சலுக்கு மூன்றாம் நாள் ரத்தம் சோதியுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை கொடுக்காதீர்கள், அஸ்பிரினும் ஐபுபுரோபனும் ரத்தக் கசிவைக் கூட்டும். சிவப்பு, கபில நிறக் குடிபானங்களைத் தவிருங்கள். வாந்தி எடுத்தால் அது ரத்தமா பானமா என்று டொக்டரால் சொல்ல முடியாமல் போகும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு பாட்டனார்: ராத்திரி பூராவும் பச்சை வெளிச்சம் எரிகிறது. கதிர்வீச்சா? கையிலும் சொறி வந்திருக்கிறது.

வெறும் வெளிச்சம் ஐயா, டோர்ச் லைட் மாதிரி. சொறிக்குக் காரணம் வாருக்கு அடியில் தேங்கும் வியர்வையும் சவர்க்காரமும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள், ஓர் ஒற்றைவிரல் நுழைகிற இறுக்கம் போதும். குளிக்கும்போது கழற்றிச் சார்ஜில் போடுங்கள், கையையும் வாரையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டுக் கட்டுங்கள். சொறி ஆறும்வரை மறு கை. மஸ்கெலியாவில் கரன்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துக் குளிக்க வேண்டியிருக்கும், அதற்கு என்னிடம் மருந்தில்லை.